தீர விசாரிப்பதே மெய்

அணுசக்தி நகருக்கு வடக்கே சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது காட்கோபர். 2018 ஜூன் 28 அன்று பகல் ஒரு மணி தாண்டிய நேரம். ஜுஹுவிலிருந்து சோதனை ஓட்டத்துக்குக் கிளம்பிய கிங் ஏர் சி-90 விமானம், குடியிருப்புகளுக்கு நடுவே கட்டட வேலை நடந்துகொண்டிருந்த மனையில் விழுந்து எரிந்தது. விமானத்தில் இருந்த 4 பேரும், தரையில் ஒருவரும் இறந்தனர்.

அன்றே ஒரு தீர்ப்பு ஊரெங்கும் பரவியது: மக்களைக் காப்பாற்ற விமானி காலி இடமாகப் பார்த்து இறக்கிவிட்டார். விசாரணை அறிக்கை சொன்ன காரணம் வேறு. விமானம் 'ஸ்டால்' ஆகிவிட்டது. அதாவது, இறக்கைகள் அதைத் தாங்கும் சக்தியை இழந்துவிட்டன. தாழப் பறக்கும்போது அப்படி நேர்ந்தால், நினைத்த இடத்தில் இறக்குவது ஏறக்குறைய முடியாத காரியம்.

யாரும் பொய் சொல்லவில்லை. விழுந்த இடத்தைக் கண் பார்த்தது. காரணத்தை மனம் சேர்த்துக்கொண்டது.

2001 நவம்பரில் நியூயார்க்கில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 587 விழுந்ததைப் பற்றி 349 பேரின் வாக்குமூலங்கள் ஆராயப்பட்டன. பாதிக்கு மேற்பட்டோர் வானிலேயே தீயைப் பார்த்ததாகச் சொன்னார்கள். விமானம் வலப்பக்கம் திரும்பியது என்றவர்கள் 18 சதவீதம். இடப்பக்கம் என்றவர்களும் 18 சதவீதம். உண்மையில் முதலில் பிய்ந்துபோனது செங்குத்து வால்.

அதற்காகச் சாட்சிகளை ஒதுக்கிவிட முடியாது. எங்கே நின்றீர்கள், எஞ்சின் சத்தம் கேட்டதா, எது முதலில் விழுந்தது? இதற்கெல்லாம் அவர்களின் பதில் மதிப்புள்ளது, அதுவும் டி.வி. பார்ப்பதற்கு முன் கேட்டால். ஏன் விழுந்தது என்பதை மட்டும் சிதறிய பாகங்கள் சொல்லட்டும்.