டேட்டாபேஸ் மறுக்கும்போது

2020 நவம்பரில் பி.எச்.பி. 8.0 வெளிவரும் வரை, டேட்டாபேஸுடன் பேச உதவும் அம்மொழியின் பி.டி.ஓ. நூலகத்துக்கு ஒரு விபரீத வழக்கம் இருந்தது. டேட்டாபேஸ் ஒரு கட்டளையை மறுத்தால் அது வாய் திறக்காது. நிரலாளர் தாமாகக் கேட்டால்தான் சொல்லும். கேட்க மறந்தவரின் நிரல், பதிவாகாத ஆர்டருக்கும் ‘நன்றி’ சொல்லி அனுப்பும். 8.0 முதல், பிழை வந்தால் எக்செப்ஷன் எழுப்புவதே இயல்பானது. தாமதம்தான், ஆனாலும் நல்ல முடிவு.

செயலிக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவே நின்று கட்டளையைக் கொண்டுசென்று பதிலைக் கொண்டுவருவது டிரைவர் என்னும் மென்பொருள். பதில் மறுப்பாக இருந்தால், பெரும்பாலும் கூடவே ஓர் ஐந்து எழுத்துக் குறியீடு வரும். எஸ்.க்யூ.எல். தரநிலை வகுத்த இந்த ஏற்பாட்டில் முதல் இரண்டு எழுத்துகள் பிழையின் வகையைச் சொல்லும். 08 என்றால் இணைப்புக் கோளாறு. 23 என்றால் தரவுக் கட்டுப்பாட்டை மீறியிருக்கிறோம். 42 என்றால் பெரும்பாலும் கட்டளையே தப்பு. நூறு முறை அனுப்பினாலும் அதே பதில்தான். பிழைச் செய்தியின் வாசகத்தில் சொல் தேடி முடிவெடுப்பவர்கள் உண்டு. வாசகம் பதிப்புக்குப் பதிப்பு மாறக்கூடும். குறியீட்டை நம்புங்கள்.

40 வகை வேறு மாதிரி. குறுகிய சந்தில் எதிரெதிரே மாட்டிக்கொண்ட லாரிகளைப் போல, பல கட்டளைகளை ஒன்றாகக் கட்டிய இரண்டு டிரான்ஸாக்‌ஷன்கள் ஒன்றுக்காக ஒன்று காத்து நின்றால், டேட்டாபேஸ் ஒன்றை ரத்து செய்து மற்றதற்கு வழிவிடும். இந்த முட்டுக்கட்டைதான் டெட்லாக். ரத்தானதைச் சற்றுப் பொறுத்து, முதல் கட்டளையிலிருந்து மறுபடி ஓட்ட வேண்டும்.

உண்மையான சிக்கல், செய்ததை உறுதிப்படுத்தும் கமிட் கட்டளையை அனுப்பிய கணத்தில் இணைப்பு அறுந்தால் வருகிறது. கணக்கில் பணம் கழிக்கும் வேலை என்றால், கழிந்ததா இல்லையா? டிரைவருக்கே தெரியாது. இந்த நிலைக்கென்றே தரநிலையில் 08007 என்ற குறியீடு இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு மீண்டும் அனுப்பினால் இருமுறை கழியலாம். அதைத் தவிர்க்க ஒரு வழி: ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் செயலியே முன்கூட்டித் தனி எண் கொடுத்து, அந்த எண் இரண்டாம் முறை பதிவாகக் கூடாது என்று டேட்டாபேஸில் கட்டுப்பாடு வைப்பது. இப்போது தைரியமாக மறுபடி அனுப்பலாம். போஸ்ட்கிரெஸ் அந்தக் கட்டுப்பாட்டைக் காட்டி 23505 என்று மறுத்தால், முதல் முயற்சியே பதிவாகிவிட்டது என்று பொருள். பிழையே நற்செய்தியாக வரும் அபூர்வ இடம் இது.

இத்தனை தகவலையும் ஒரே அடியில் வீணாக்குவது காலியான கேட்ச் பகுதி. பிழையைப் பிடித்துவிட்டு ஒன்றும் செய்யாத அந்த இரண்டு அடைப்புக்குறிகளை உங்கள் நிரலில் தேடிப் பாருங்கள். குறியீட்டையாவது லாகில் எழுதிவையுங்கள்.