தனிமை பொறாத பர்மியப் பூனை

நாய் மனிதரை நாடும், பூனை வீட்டை நாடும் என்று சொல்வதுண்டு. இக்கூற்றுக்கு விலக்காக விளங்குவது பர்மியப் பூனை.

1930-ஆம் ஆண்டில் பர்மாவிலிருந்து 'வாங் மாவ்' என்ற பழுப்பு நிறப் பெண் பூனை அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரில் வாழ்ந்த டாக்டர் ஜோசப் தாம்சனிடம் வந்து சேர்ந்தது. அவர் அதனைச் சயாமியப் பூனையோடு இணைத்துக் குட்டிகள் பெற்றார். இன்று மேலைநாட்டு இல்லங்களில் வளரும் பர்மியப் பூனைகள் பெரும்பாலும் அதன் வழிவந்தவையே.

வீட்டார் எந்த அறைக்குச் சென்றாலும் இப்பூனை பின்தொடரும். அமர்ந்தால் மடியில் ஏறிக்கொள்ளும். புதியவரைக் கண்டும் எளிதில் அஞ்சாது. எறிந்த பொருளை நாயைப் போலக் கவ்விவரப் பழகும். வளர்ந்த பின்னும் குட்டியைப் போலவே விளையாடும்.

ஆனால் இக்குணமே அதற்குத் துன்பமாகவும் முடியும். பூட்டிய வீட்டில் நாள் முழுதும் தனித்திருந்தால் அது ஏங்கி வாடும், ஓயாது கத்தும். எவரையும் நம்பும் இயல்பினதாதலால் தெருவில் விடுவதும் ஆபத்தே. பகலெல்லாம் வெளியே செல்வோர் அதற்குத் துணையாக மற்றொரு பூனையையும் வளர்த்தல் நலம்.

ஆகவே, பட்டுப்போன்ற அதன் மேனியழகைக் கண்டு வாங்குமுன், பகலில் நம் வீட்டில் யார் இருப்பார் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.