வளர்ச்சி நூற்றுக்கு ஐந்து: எமது வீட்டுக் கணக்கு என்ன?

"நாடு வளர்ந்துவிட்டதாம். பிறகேன் எங்களுக்கு வேலை கிடைக்குதில்லை?" எமது கமக்காரக் குடும்பங்களிடம் போகும்போதெல்லாம் நாம் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்வி.

ஓராண்டில் ஒரு நாட்டில் விளைந்தவை, செய்யப்பட்டவை, சேவைகளால் உழைத்தவை அனைத்தினதும் பெறுமதியைக் கூட்டினால் வருவது மொத்த உள்நாட்டு உற்பத்தி. அது முன்னைய ஆண்டைவிடக் கூடினால் வளர்ச்சி, சிறிதளவே கூடினால் மந்த வளர்ச்சி, கூடாமல் நின்றால் தேக்கம், குறைந்தால் சுருக்கம். (குளத்தில் நீர் தேங்கினால் எமக்கு மகிழ்ச்சிதான். இந்தத் தேக்கம் வாய்க்காலில் நீர் ஓடாமல் நிற்பது போன்றது.) மந்த வளர்ச்சியும் வீட்டைத் தாக்கும். 40 மூடை நெல்லை ஐந்து பேர் பகிர்ந்த வீட்டில், அடுத்த ஆண்டு 41 மூடை வந்து ஆறு பேர் இருந்தால் ஆளுக்குரிய பங்கு குறைந்துவிடும்.

இனி எமது நாட்டுக்கு வருவோம். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடுக்கப்பட்டது. நவம்பரில் தடை நீக்கப்பட்டபோதிலும் அந்தப் பெரும்போகம் கைநழுவிவிட்டது. 2022 ஏப்ரலில், வெளிநாட்டுக் கடனை அடைப்பதை நிறுத்துவதாக அரசு அறிவித்தது. எரிபொருள் வரிசைகளை நாம் மறக்கவில்லை.

2021இல் நாட்டின் உற்பத்தி 100 மூடை என்று வைத்துக்கொள்வோம். 2022இல் அது நூற்றுக்கு 7.3 சுருங்கியது: ஏறக்குறைய 93 மூடை. 2023இல் மேலும் 2.3 சுருங்கியது: 90½ மூடை. 2024இல் நூற்றுக்கு 5 வளர்ந்தது. ஆனால் அந்த ஐந்து, 90½ இன் மீது வந்த ஐந்து. ஆகவே 2024 முடிவிலும் 95 மூடைதான். செய்தியில் வளர்ச்சி என்று வாசித்த அந்த ஆண்டிலும் நாடு 2021இன் அளவை எட்டவில்லை.

விலையிலும் இதே மயக்கம் உண்டு. 2022 செப்ரெம்பரில் கொழும்பு விலைச்சுட்டியின்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதம். 100 ரூபாப் பொருள் 170 ரூபாவாயிற்று. அடுத்த செப்ரெம்பரில் பணவீக்கம் 1.3 வீதமாக வீழ்ந்தது என்றார்கள். பொருள் 100 ரூபாவுக்குத் திரும்பவில்லை, 172 ரூபாவாயிற்று. விலை ஏறும் வேகமே குறைந்தது.

இடம்பெயர்ந்தவருக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு வந்தோரில் சிலருக்குக் காணி இன்னும் திரும்பக் கிடைக்கவில்லை. விதைக்க முடியாத காணியில் உரியவருக்கு வரும் விளைச்சல் பூச்சியம். நாடு எத்தனை வீதம் வளர்ந்தாலும் அது பூச்சியமாகவே நிற்கும். கூலிக்குப் போவதே வழி. மந்தகாலத்தில் முதலில் குறைவதும் அந்தக் கூலிவேலைதான்.

ஆகவே வீதங்களை ஒருபுறம் வைத்துவிட்டு, 2021 தொடக்கத்தில் உங்கள் ஒரு நாட்கூலிக்கு எத்தனை கிலோ அரிசி வாங்கினீர்கள், இப்போது எத்தனை கிலோ, மாதத்தில் எத்தனை நாள் வேலை என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். பெண்களின் கூலியைத் தனியாக எழுதுங்கள். அடுத்த கிராமக் கூட்டத்துக்கு அந்தக் கொப்பியுடன் வாருங்கள்.