பிள்ளைத்தாச்சியின் நாரி நோவு

வீட்டில் ராத்தா பிள்ளைத்தாச்சியாக இருந்தால், ஐந்தாறு மாதமானதும் "நாரி கழண்டு விழுற மாதிரி இருக்கு" என்ற பேச்சு அடிக்கடி காதில் விழும். "பிள்ளை வயித்தில இருந்தா நோகத்தானே செய்யும்" என்று மூத்தம்மா சொல்லிவிடுவார். நோவது உண்மைதான். கர்ப்பிணிகளில் ஏறக்குறையப் பாதிப்பேர் இதனை அனுபவிக்கின்றனர். ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருக்க வேண்டியதில்லை.

கர்ப்ப காலத்தில் சுரக்கும் ஓமோன்கள், பிரசவத்துக்கு வழிவிடுவதற்காக இடுப்பு மூட்டுக்களைக் கட்டி வைத்திருக்கும் நார்களைத் தளர்த்துகின்றன. வயிறு வளர வளர உடற்பாரமும் முன்னால் வருகின்றது. விழாமலிருக்கத் தாய் தோளைப் பின்னே சரித்து நடக்கிறாள். நாரி உள்ளே வளைந்து, அங்குள்ள தசைகள் ஓய்வின்றி இழுபடுகின்றன.

இதற்கு முதல் மருந்து அசைவுதான். கர்ப்பகாலம் முழுவதும் ஒழுங்காக உடற்பயிற்சி செய்யுமாறு 2016இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. கையையும் முழங்காலையும் பாயில் ஊன்றி, மூச்சை வெளிவிட்டபடி முதுகைப் பூனைபோல மேலே வளைத்து, பின் மெதுவாக நேராக்க வேண்டும். நாரியைக் கீழே தொய்யவிடக் கூடாது. பத்துத் தடவை போதும். குனிந்து செய்ய முடியாதவர் சுவரில் சாய்ந்து நின்று, நாரிக்கும் சுவருக்கும் இடையிலுள்ள வெளியை அழுத்தி மூடிப் பழகலாம். நடையும் நல்லது. நம்மூர்க் கடற்கரைக்குப் போனால் புதைமணலில் நடக்காமல் ரோட்டோரமாக நடக்கட்டும். ஏற்கனவே இரத்தக் கசிவு முதலிய சிக்கல் உள்ளவர்கள் டொக்டரிடம் கேட்காமல் எதையும் தொடங்கக் கூடாது.

தடவிவிடுவது தங்கைமாரும் செய்யக்கூடிய உதவி. மல்லாக்கப் படுக்க வைக்கக் கூடாது. பெருத்த வயிறு பெரிய இரத்தக் குழாயை அமுக்கித் தலைசுற்ற வைக்கும். இடப்பக்கம் சரிந்து, முழங்கால்களுக்கிடையில் தலையணை வைத்துப் படுக்கட்டும். இரவுத் தூக்கத்துக்கும் இதுவே சுகம். இளஞ்சூட்டுத் தேங்காயெண்ணெயை உள்ளங்கையில் எடுத்து, முதுகெலும்பின் இருபுறமும் கீழிருந்து மேலாக மெதுவாகத் தடவுங்கள். எலும்பின் மேல் அழுத்த வேண்டாம். வயிற்றைத் தடவிப் பிள்ளையைத் திருப்பும் பழைய வழக்கம் ஆபத்தானது. அதை யார் சொன்னாலும் செய்யாதீர்கள். ஒரு கால் மட்டும் வீங்கி நொந்தால் அந்தக் காலையும் பிடித்துவிடக் கூடாது. உள்ளே இரத்தம் உறைந்திருக்கலாம்.

பார்மசியில் கேட்டு வாங்கும் நோவுக் குளிசைகளிலும் கவனம் வேண்டும். டைக்குளோபினாக், இபுபுறூபன் போன்றவை கர்ப்பிணிக்கு, விசேடமாகப் பிந்திய மாதங்களில், ஆகாதவை.

சில நோவுகளுக்கு எண்ணெய் தேடவே கூடாது. காய்ச்சல், சிறுநீர் எரிவு, இரத்தம் அல்லது நீர் போதல், கால் விறைத்துப் பலமிழத்தல், பிள்ளைத் துடிப்புக் குறைதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலோ, மாதம் நிறையுமுன் நோவு விட்டுவிட்டு ஒழுங்காக வந்தாலோ அடுத்த கிளினிக் நாள்வரை காத்திருக்காமல், இரவானாலும், கர்ப்பிணிப் பதிவட்டையையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மற்ற நாட்களில் எழும் சந்தேகங்களை, வீட்டுக்கு வரும் குடும்பநல மருத்துவமாதுவிடம் வெட்கப்படாமல் கேளுங்கள்.