பக்கத்துத் தெருவில் ஒரு சரித்திரம்

சரித்திரம் படிக்கும் பிள்ளைக்கு ஆராய்ச்சிக் கட்டுரை எழுதும் வேளை வந்துவிட்டால் வீட்டில் எல்லோருக்கும் தூக்கம் போய்விடுகிறது. "என்ன தலைப்பு எடுக்கலாம்?" என்று பையன் கேட்கிறான். "பல்லவர் ஆட்சி" என்கிறார் அப்பா. "சுதந்திரப் போராட்டம்" என்கிறார் மாமா. இரண்டும் பெரிய விஷயங்கள்தாம். அதுதான் தொல்லையே! மூன்று மாத அவகாசத்தில், பஸ் காசை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை அதில் புதிதாக எதைக் கண்டுபிடிக்க முடியும்? நாலு புத்தகத்தைப் பார்த்து ஐந்தாவதை எழுதி, பைண்டு செய்து கொடுத்துவிட்டு வர வேண்டியதுதான்.

தாம்பரம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்தக் கஷ்டமே வேண்டியதில்லை. மின்சார ரெயில் ஏறிப் பல்லாவரத்தில் இறங்கினால் போதும்.

1863-ம் ஆண்டு மே 30-ந் தேதி, ராபர்ட் புரூஸ் பூட் என்ற பூகர்ப்ப இலாகா அதிகாரி அங்கே ராணுவ மைதானத்தையொட்டிச் சரளை தோண்டிய பள்ளத்தில் ஒரு கல்லை எடுத்தார். நாம் பார்த்திருந்தால் காலால் தள்ளிவிட்டுப் போயிருப்போம். அது பழைய கற்கால மனிதன் தட்டிச் செதுக்கிய கைக்கோடரி! இந்தியாவில் அம்மனிதன் வாழ்ந்தான் என்பதற்குக் கிடைத்த பெரிய அத்தாட்சி. அப்போது ஐரோப்பாவில் இத்தகைய கற்களைப் பற்றிப் பலத்த விவாதம் நடந்துகொண்டிருந்தது. அதை அறிந்திருந்ததால்தான் பூட்டின் கண்ணுக்கு அது வெறும் கல்லாகத் தெரியவில்லை. முதலில் படிப்பு, பிறகு நடை. இரண்டும் வேண்டும்.

அதே பல்லாவரத்தில் 1888-ல் அலெக்ஸாண்டர் ரீ சுட்ட மண்ணால் செய்த ஈமப்பேழைகளைக் கண்டார். பின்னாளில் ஆதிச்சநல்லூரைத் தோண்டியவர் இவர்தாம். மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த குகையும் இவ்வூர்க் குன்றில் இருக்கிறது. அவனுடைய விருதுப் பெயர்கள் அங்கே வெட்டப்பட்டிருக்கின்றன. இன்று அது முஸ்லிம்கள் வழிபடும் தர்கா. அங்கே போகும் மாணவர் முதலில் அனுமதி கேட்க வேண்டும். நோட்டுப் புத்தகத்தைப் பிறகு எடுக்கலாம்.

"பல்லாவரத்தின் வரலாறு" என்று தலைப்புப் போட்டுவிடலாமா? கூடாது. அதுவும் பெரிது. தலைப்பைவிடக் கேள்வி முக்கியம். குரோம்பேட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். குரோம் முறையில் தோல் பதனிட்ட தொழிற்சாலையால் வந்த பெயர் அது. இவ்வளவு எல்லோரும் சொல்லுவார்கள். அங்கே வேலைக்கு வந்தவர்கள் எந்தெந்த ஊர்க்காரர்கள்? எந்தத் தெருவில் குடியேறினார்கள்? இதற்குப் பதில் சொல்லக்கூடிய கிழவர்களுக்கு எண்பது வயதுக்கு மேலாகிறது. அடுத்த வருஷம் போய்க் கேட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட முடியாது.

இன்னொன்று. சென்னை பீச்சிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரெயில் 1931 மே 11-ந் தேதி வந்தது. சென்னை கிறிஸ்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனை விட்டுத் தாம்பரத்துக்கு வந்தது 1937-ல். ரெயில் வராதிருந்தால் கல்லூரி வந்திருக்குமா? நல்ல கேள்வி. அவசரப்பட்டு "வந்திராது" என்று எழுதிவிடாதீர்கள்! இடம் மாறும் யோசனை எந்த வருஷம் பிறந்தது என்பதைப் பார்க்க வேண்டும். இரண்டு தேதிகளை அடுத்தடுத்து எழுதிவிட்டால் ஒன்றுக்கு ஒன்று காரணமாகிவிடாது. இந்த இடத்தில் பெரிய பண்டிதர்களே வழுக்கியிருக்கிறார்கள்.

ஏரிகளையும் விட்டுவிடக் கூடாது. பல்லாவரம் பெரிய ஏரியின் நடுவே இன்று சாலை ஓடுகிறது. அதன் மடை எங்கே இருந்தது, எந்த வயலுக்குப் பாய்ந்தது என்பதைக் கட்டடங்கள் எழும்பிய பிறகு தரையைப் பார்த்துச் சொல்ல முடியாது. பழைய கிராம வரைபடமும், அங்கே பயிர் வைத்தவரின் ஞாபகமும்தான் துணை. 1879-ல் குரோல் என்பவர் எழுதிய செங்கற்பட்டு ஜில்லா மானுவலும் எழும்பூர் ஆவணக் காப்பகமும் உதவும். பெரியவர் சொன்னதைக் காகிதத்தோடும், காகிதத்தில் இருப்பதைப் பெரியவரோடும் ஒத்துப் பார்க்க வேண்டும். இரண்டும் முரண்பட்டால் கவலைப்பட வேண்டாம். கட்டுரை அங்கேதான் ஆரம்பமாகிறது.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், பெரியவர்கள் தூங்கி எழுந்து காபி குடித்த பிறகு போய் உட்காருங்கள். அவர்கள் சம்மதித்தால் கைப்பேசியில் பேச்சைப் பதிவு செய்துகொண்டு, தேதியையும் அன்றே எழுதி வையுங்கள்.