இலை துளிர்த்தது, தேன் சுரக்கவில்லை

தை மாதம் மார்த்தாண்டம் பக்கம் போனால், இலையுதிர்த்து நின்ற ரப்பர் மரங்கள் செம்பு நிறத்தில் துளிர் விடுவதைப் பார்க்கலாம். ஒரு காம்பின் நுனியில் மூன்று இலைகள். அவை கூடும் இடத்தில் சின்னஞ்சிறு சுரப்பிகள். துளிர் முற்றும்வரை அவற்றில் இனிப்பு நீர் கசியும். கன்னியாகுமரி மாவட்டத்தின் ரப்பர் தேன் பூவில் பிறப்பதல்ல, இந்த இலைக்காம்பில் பிறப்பது. எல்லா மரமும் ஒரே நாளில் துளிர்ப்பதில்லை என்பதால் தை தொடங்கிப் பங்குனி வரை தேன் வரத்து இருக்கும். தேனீ வளர்ப்பவர் ஆண்டு முழுவதும் எறும்பு விரட்டி, தேனீப் பெட்டி துடைத்துக் காத்திருந்ததற்கான கூலி பெரும்பாலும் இந்த மூன்று மாதத்தில்தான்.

மழை பொய்த்த ஆண்டில் இந்தக் கூலி போவது வெளியே தெரியாது. நெல் கருகினால் சாலையில் போகிறவருக்கும் தெரியும். ரப்பரோ அப்போதும் துளிர்க்கும். வேரில் ஈரம் குறைந்தால் சுரப்பு மெலிந்துவிடும். கசிகிற கொஞ்சத்தையும் வெயில் உலர்த்தும். பச்சைத் தோட்டத்தின் நடுவே பெட்டி பட்டினி கிடக்கும். வளர்ப்பவர் பெட்டியின் பின்பக்கத்தை ஒரு கையால் லேசாகத் தூக்கிப் பார்ப்பார். எடை சொல்லிவிடும்.

2016இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரி 10ஆம் தேதி, அப்போதிருந்த 32 மாவட்டங்களும் வறட்சியால் பாதிக்கப்பட்டவை என்று அரசு அறிவித்தது. நான்கு நாளில் தை பிறந்தது. தேன் எடுக்கும் இயந்திரத்தைக் கழுவி வைக்க வேண்டிய நேரத்தில் சர்க்கரை வாங்க வேண்டிய நிலை வந்தால் தேனீ வளர்க்கும் குடும்பத்துக்கு எப்படியிருக்கும்!

பஞ்ச காலத்தில் சர்க்கரையும் தண்ணீரும் சம அளவு கலந்த பாகுதான் தேனீக்கு உயிர். அதைக் கொடுப்பதிலும் பக்குவம் வேண்டும். பகலில் வைத்தாலோ சிந்தினாலோ வாசனை பிடித்துப் பக்கத்துப் பெட்டித் தேனீக்கள் கொள்ளைக்கு வந்துவிடும். பலவீனமான கூட்டம் சண்டையிலேயே அழியும். அதனால் பொழுது சாய்ந்த பிறகு எல்லாப் பெட்டிக்கும் ஒரே நேரத்தில் வைக்க வேண்டும். வாசலையும் குறுக்க வேண்டும். தண்ணீர் இன்னொரு கவலை. வெயிலில் கூட்டைக் குளிர்விக்கத் தேனீக்கள் நீர் சுமந்து வந்து சிறகால் விசிறும். பக்கத்துக் குளம் வற்றினால் அந்த வேலைக்கே பாதிக் கூட்டம் அலையும். அகன்ற சட்டியில் தண்ணீர் ஊற்றி, மூழ்காமல் உட்கார்ந்து குடிக்கக் கூழாங்கல் போட்டு வைத்தால் பெரிய உதவி. தேனீ மூடாத காலி அடைகளை எடுத்துவிடாவிட்டால் மெழுகுப்பூச்சி புகுந்துவிடும். ஆளில்லாத வீட்டில் கரையான் ஏறுவதுபோல.

இத்தனைக்கும் பிறகு ஒருநாள் காலையில் பெட்டி வெறுமையாகக் கிடக்கலாம். நம் பெட்டிகளில் வாழும் இந்தியத் தேனீயின் சுபாவம் அது. இரை இல்லாவிட்டால் ராணியோடு கூட்டமே வேறிடம் தேடிப் போய்விடும். ஆகவே மோசமான ஆண்டில் இருக்கிற கொஞ்சத் தேனையும் எடுக்காமல் விடுவதே நல்லது. பள்ளிக்கூடக் கட்டணத்துக்கு அந்தத் தேனையே நம்பியிருக்கும் வீட்டில் இதைச் சொல்வது எளிதல்ல என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

சர்க்கரைப் பாகு இன்னொரு சோதனையையும் கொண்டுவருகிறது. அது பசி தீர்க்கக் கொடுப்பது. வரத்து தொடங்குமுன் நிறுத்தினால் தவறில்லை. தேனறையில் பாகு சேரும்படி ஊட்டி, அதையே தேனென்று விற்றால் ஊரின் பெயரே கெடும். தேன் குறைவான ஆண்டில் விலை ஏறும்போது அந்த ஆசையை வென்று நிற்பவர்களை நாம் மதிக்க வேண்டும். அவர்களிடம் பேரம் பேசக் கூடாது.

வறட்சி நிவாரணம் ஏக்கர் கணக்கில் வருகிறது. தேனீ வளர்ப்பவர் பலருக்குப் பெட்டி மட்டும்தான் சொந்தம், நிலம் இன்னொருவருடையது. துளிர் தேடிக் கேரளத் தோட்டங்கள் வரை பெட்டி சுமந்து போகிறவரும் உண்டு. பட்டா, சிட்டா கேட்டால் எதைக் காட்டுவார்? பெட்டியை எண்ணிப் பதிவு செய்து, பஞ்ச மாதங்களில் பெட்டிக்கு இவ்வளவு சர்க்கரை என்று கொடுக்க முடியாதா? பெரிய செலவில்லை. விதைநெல்லைக் காப்பது முக்கியம் என்பது உழவருக்குப் புரியும். தேனீக் கூட்டமும் விதைநெல்தான் என்பது அலுவலகத்துக்கும் புரிய வேண்டும்.

மார்த்தாண்டம் வறட்சியைவிடப் பெரிய அடியையும் பார்த்திருக்கிறது. பாதிரியார் நியூட்டன் 1910களில் தென்னிந்தியாவுக்காக வடிவமைத்த ஏழு சட்டப் பெட்டி இங்கே வேரூன்றியது. 1920களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. கிராமப் புனரமைப்பு மையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹேட்ச் அதைக் குடிசைத் தொழிலாக்கினார். 1991-92இல் வந்த வைரஸ் நோயில் புழுக்கள் பைபோல ஊதிச் செத்தன. தென்னிந்தியாவில் பெரும்பாலான கூட்டங்கள் அழிந்தன. நோய்க்குத் தப்பிய கூட்டங்களைத் தேடியெடுத்து, வலுவேற்றி, ஒன்றை இரண்டாகப் பிரித்துத்தான் மறுபடி பெட்டிகளை நிரப்பினார்கள். ஒரு கூட்டம் மிஞ்சினாலும் அதைக் கொண்டு தொடங்கலாம் என்று அப்போது கண்டவர்கள்தான், வறண்ட ஆண்டில் கடனுக்குச் சர்க்கரை வாங்கி அந்தியில் பெட்டி பெட்டியாகப் பாகு ஊற்றுகிறார்கள்.