கடனாளியின் பங்கு

கடன்பட்டவனுக்கு உதவுவதைத் தயை என்றே பலர் கருதுகின்றனர். இஸ்லாமிய தர்மமோ அதை உரிமையாக வைத்திருக்கிறது. ஜகாத் பெறத்தக்க எட்டு வகுப்பினரைக் குர்ஆனின் 9-வது அத்தியாயம் 60-வது வசனம் எடுத்துரைக்கிறது. ஏழைகள், வழிப்போக்கர் முதலியோருடன் கடனில் மூழ்கியோரும் அவற்றுள் தனி ஒரு வகுப்பினராவர். பணமும் பொன் வெள்ளியும் குறித்த அளவை எட்டி ஒரு சந்திர வருஷம் ஒருவனிடம் நின்றால், நாற்பதில் ஒரு பங்கை, அதாவது நூற்றுக்கு 2½ வீதம், அவன் கொடுத்தாக வேண்டும். அப்பங்கில் கடனாளிக்கும் பாத்தியதை உண்டு.

ஏழையைக் கூறிய பின் கடனாளியைத் தனியே கூறுவானேன்? வீடும் தொழிற்கருவியும் உடையவனும் கடனால் நாசமடையக் கூடுமன்றோ? கி.பி. 717 முதல் 720 வரை ஆண்ட கலீபா உமர் பின் அப்துல் அஜீஸ், கடனாளிகளின் கடனைத் தீர்க்கும்படி உத்தரவிட்டார். வீடும் வேலையாளும் குதிரையும் உள்ளவனுக்குமா என்று அதிகாரிகள் வினவியபோது, அவை வாழ்க்கைக்கு இன்றியமையாதவை, அவன் கடனையும் தீருங்கள் என்று பதிலளித்ததாக அபூ உபைதின் ‘கிதாபுல் அம்வால்’ தெரிவிக்கிறது. மனிதன் அடியோடு வீழுமுன் தாங்கிப் பிடிப்பதே இதன் உட்கருத்தாகும்.

இவ்வுரிமைக்கு வரம்புகளும் உண்டு. சூது முதலிய தீய வழியில் கடன்பட்டவன், அதைக் கைவிட்டுத் திருந்தினாலன்றி இதற்குரியவனல்லன் என்பது சட்ட அறிஞர் பலரின் கொள்கை. வாராக்கடனைத் தள்ளிவிட்டு, அதையே தன் ஜகாத்தென்று கணக்கெழுதுவதும் செல்லாதென்று அவர்களுள் பெரும்பாலோர் கூறுவர்.

ஜோர்டான் தேசத்தின் அனுபவம் இங்கே கவனிக்கத்தக்கது. கடனைச் செலுத்தத் தவறியவரைச் சிறையிட அந்நாட்டுச் சட்டம் இடங்கொடுத்திருந்தது. சிறுகடன் வாங்கிய ஸ்திரீகளும், உறவினருக்காக ஜாமீன் நின்றவர்களும் அதில் அகப்பட்டுத் தவித்தனர். 2019-ம் வருஷம் அவர்களுக்கென மன்னரின் ஆதரவில் நிதி திரட்டிப் பலருடைய கடனைத் தீர்த்தனர். 2022-ல் சட்டமும் திருத்தப்பட்டு, கடனுக்காகச் சிறையிடுவது கட்டுப்படுத்தப்பட்டது.

செயல் போற்றத்தக்கதே. ஆயினும் சிறைவாசல் வரை சென்ற பின்னரா உதவி வரவேண்டும்? கடன் கொடுத்தவனுக்கும் கடமையுண்டு. இடுக்கண்பட்டவனுக்குத் தவணை கொடுக்க வேண்டுமென்றும், கடனைத் தர்மமாக விட்டுவிடுவது இன்னும் மேலானதென்றும் குர்ஆன் 2-வது அத்தியாயம் 280-வது வசனம் விதிக்கிறது. அதை மறந்து, லேவாதேவிக்காரர் கேட்ட வட்டியையும் சேர்த்து ஜகாத் நிதியிலிருந்து கொட்டிக் கொடுத்தால், ஏழைகளின் பங்கு வட்டிக்கடையின் லாபமாக முடியும். மறுநாளே புதிய கடனாளிகள் பெருகுவர்.

ஆகவே, நிதியை நிர்வகிப்போர் முதலில் வட்டியைத் தள்ளவும் தவணை நீட்டவும் வழக்காடுவாராக. எஞ்சிய அசலைப் பின்னர் தீர்ப்பாராக. கடனாளி தன் தொழிற்கருவியை விற்கும் முன்பே இது நிகழவேண்டும். விற்ற பின் அவனுக்குக் கிடைப்பது பிச்சை. விற்குமுன் கிடைப்பதே விடுதலை.